மூன்றாம் பாகத்தில் வந்த பிள்ளை

என் மகளின் சாமத்தியச் சடங்கை நான் ஒரு ஜப்பான் சண்டைப் படத்தின் வால் பக்கத்தில்தான் பார்த்தேன். இதைச் சொன்னால் இப்போதுள்ள பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அந்த நாளிலும் அவள் திரையில் வந்ததும் எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்காமல் இருந்தது நான் ஒருத்திதான்.

இவர்தான் முதலில் சுவிஸுக்கு வந்தவர். அகதி விண்ணப்பம் கொடுத்து, சூரிச்சுக்குப் பக்கத்தில் ஷ்லீரனில் ஒரு தொழிற்சாலையில் வேலை எடுத்து, ரயில் பாதையோரமாக இரண்டு அறை வீடு ஒன்று கிடைத்த பிறகு என்னைக் கூப்பிட்டார். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றேன். இந்த முறை ஒருவரைத்தான் கொண்டுபோகலாம் என்று ஆளனுப்புகிற ஏஜென்சிக்காரன் சொல்லிவிட்டான். அப்படியென்றால் பிள்ளை இவருடைய அக்காவோடு யாழ்ப்பாணத்தில் இருக்கட்டும், படிப்புக் குழம்பக் கூடாது, நீ வா என்று இவர் அறிவித்தார். தனியே சமைத்துச் சாப்பிட்டு வயிறு பழுதாய்ப் போய்விட்டது என்ற சேதியும் அதோடு சேர்ந்து வந்தது. ஒரு மனிசனுடைய வயிற்றுக்காகப் பிள்ளையை விட்டுவிட்டு வந்தவள் நான். இவர் இருக்கும்போது இதைச் சொன்னால் கோபம் வரும். இப்போது இவர் இல்லை.

வந்த பிறகு முதியோர் இல்லம் ஒன்றின் குசினியில் கோப்பை கழுவினேன். கதைக்க வராதவளுக்கு நல்ல வேலை. மெஷின் இரைச்சலில் யாரும் யாரோடும் கதைப்பதில்லை.

இந்திய ஆமி ஊரில் நின்ற காலத்தில், மகள் பெரிய பிள்ளையாகிவிட்டாள் என்று மச்சாள் ரெலிபோன் எடுத்தா. இவருடைய அக்காதான் எனக்கு மச்சாள். எங்கள் விண்ணப்பத்துக்கு முடிவு வரவில்லை. இந்த நிலையில் நாட்டுக்குப் போனால் திரும்பி வர முடியாது. போகவும் ஏலாது, சடங்கைத் தள்ளிப் போடவும் மச்சாளுக்கு விருப்பமில்லை. நாளைக்கு என்ன நடக்குமோ, இருக்கிற நேரத்தில் செய்துவிடுவோம் என்றா. அதுவும் நியாயம்தான்.

அந்தச் சடங்கில் தாய்க்கென்று பெரிய வேலை கிடையாது. தண்ணீர் வார்ப்பது மாமி. ஆலத்தி எடுப்பது மற்றப் பெண்கள். தாய் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள், அவ்வளவுதான். அந்தப் பார்க்கிற வேலையை மட்டும் நான் கேட்டேன். வீடியோ எடுத்து அனுப்புங்கோ மச்சாள் என்றேன். ஓம், தொடக்கத்திலிருந்து எல்லாம் எடுப்பிக்கிறேன் என்றா.

கசெற் வந்து சேர மாதங்கள் எடுத்தது. கொழும்பு வழியாகத் தன் மகனிடம் வந்த ஒரு வயதான அம்மா அதைத் தன் சேலைகளுக்கு நடுவில் வைத்துக் கொண்டுவந்திருந்தா. கையில் வாங்கிப் பார்த்தால், பெட்டியில் சடங்கென்று ஒன்றும் இல்லை. இரண்டு காலும் இரும்பான ஒரு மனிதன், பின்னால் தீ, கீழே மூன்று என்று இலக்கம். நான் திகைத்ததைப் பார்த்து அந்த அம்மா விளக்கினா.

“பயப்பிடாதை பிள்ளை. இதுதான் சாமான். சென்றியிலை மறிச்சுப் போட்டுப் பாத்தாலும் படம்தான் தெரியவேணுமெண்டு, ஸ்டூடியோக்காரன் முன்னுக்குக் கொஞ்சம் படம் ஏத்தி விட்டவனாம். அது முடியத்தான் உன்ரை மோள் வருவா.”

அந்தக் காலத்தில் சோதனைச் சாவடியில் வீடியோக் கசெற் என்றால் சந்தேகம். சனம் கூடிய இடத்தை எடுத்த கசெற் என்றால் யார் யார் நின்றது என்று கேள்வி வரும். அதனால் அப்படிச் செய்வது வழக்கம்தான் என்றா. மச்சாளின் புத்தியை நினைத்து எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

எங்களிடம் கசெற் போடுகிற டெக் இல்லை. மேல் மாடியில் இருந்த ஒருவர் ரீவியும் டெக்கும் வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு வீடாகக் கொண்டுபோய்ப் பூட்டிப் படம் போடுவார். டெக்கண்ணை என்றுதான் அவருக்குப் பெயர். அவரைக் கேட்டு, மத்தியானம் போல வந்து போட்டுவிட்டுப் போனால் நான் தனியே பார்க்கலாம் என்று நினைத்திருந்தேன். இவரோ வேலையிடத்தில், ஸ்டேஷனில், கண்ட கண்ட பேருக்கெல்லாம் சொல்லிவிட்டார். மகளின் சடங்குக்குத்தான் ஊரைக் கூப்பிட முடியவில்லை, வீடியோவுக்காவது கூப்பிடுவோம் என்று நினைத்தாராக்கும். கேட்டதும் எனக்கும் அது பிழையாகத் தெரியவில்லை. சனிக்கிழமை முழுக்க நின்று பயற்றம் பணியாரமும் முறுக்கும் சுட்டேன். சடங்கு வீட்டில் என்ன வைப்போமோ அதையெல்லாம் தட்டில் வைத்தேன்.

அந்த நாளில் ஷ்லீரனில் எங்கள் பெண்கள் மிகக் குறைவு. வந்ததெல்லாம் ஆண்கள். கல்யாணமாகாத பெடியள்தான் அதிலும் கூடுதல். வாசலில் சப்பாத்து மலைபோலக் குவிந்தது. கட்டிலில், நிலத்தில், ஜன்னல் விளிம்பில் என்று இருந்தார்கள். நான் குசினி வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டேன்.

கசெற் ஓடத் தொடங்கியதும் பெடியள் ஆர்ப்பரித்தார்கள். அந்தப் படத்தின் முதல் இரண்டு பாகங்களையும் அவர்கள் ஸ்டேஷனுக்குப் பக்கத்துக் கசெற் கடையில் எடுத்துப் பார்த்தவர்கள். மூன்றாம் பாகத்தோடு கதை முடிகிறது, ஆனால் அது கடைக்கு இன்னும் வரவில்லை. ‘சூரிச்சிலை இல்லாத சாமான் சென்றி தாண்டி யாழ்ப்பாணத்திலையிருந்து வருது’ என்று ஒருவன் பெருமையோடு சொன்னான்.

மலிவான படம். அது எனக்கே தெரிந்தது. கட்டிடங்கள் மட்டையில் செய்தவை. அடி விழும்போது உடையாமல் மடங்கின. எல்லாச் சண்டையும் ஒரே தெருவில்தான் நடந்தது, அதே சைக்கிள் ஒவ்வொரு முறையும் விழுந்தது. கடலுக்குள்ளிருந்து வந்த எதிரிப் படைக்காரர் தலையில் போட்டிருந்தது நான் தினமும் கழுவுகிற, தண்ணீர் வடிக்கிற ஓட்டைச் சட்டி. கைபிடி வெட்டின இடம்கூடத் தெரிந்தது. அவர்களுக்கு ராஜா மாதிரி ஒரு இரும்பு மிருகம். அதன் வயிற்றுக்குள் யாரோ ஆள் நின்று நடக்கிறான் என்பது நடையிலேயே விளங்கியது. இரும்புக் கால்காரன் முந்திய பாகங்களில் பெண்சாதியை இழந்தவனாம். இப்போது ஒரு விஞ்ஞானிப் பெண் அவனோடு ஓடித் திரிந்தாள். அவர்கள் ஜப்பான் மொழியில் கதைத்தார்கள், கீழே எழுத்தும் இல்லை. அதனால் வாய்க்காரப் பெடியன் ஒருவன் தமிழில் பேசத் தொடங்கினான். மிருகம் உறுமினால் இவன், “உன்ரை விண்ணப்பம் தள்ளுபடி, நாட்டை விட்டு வெளிக்கிடு” என்பான். கால்காரன் திரும்பிக் கத்தினால், “நான் அப்பீல் போட்டிருக்கிறன் சேர்” என்பான். வீடு அதிர்ந்தது. நானும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். இல்லை என்று சொல்லவில்லை.

ஆனால் கொஞ்சம் படம் என்றுதானே சொன்னார்கள். கொஞ்சம் என்றால் எவ்வளவு? குண்டு வெடித்துத் திரை வெள்ளையாகும் ஒவ்வொரு முறையும் இதோ வரப்போகிறாள் என்று நிமிர்வேன். புகை விலகினால் அதே தெரு. பணியாரத் தட்டு ஒரு சுற்று வந்தது, இரண்டாம் சுற்றும் வந்தது. இவர் பக்கத்தில் போய்க் குனிந்து மெதுவாகக் கேட்டேன்.

“இஞ்சாருங்கோ, முன்னுக்குக் கொஞ்சம் ஓடவிடச் சொல்லுங்கோவன்.”

“பொறப்பா, ஆக்கள் ஆசையாப் பாக்கினம். பிள்ளை எங்கை போகப்போறா?”

திரும்பி வந்து ஸ்டூலில் இருந்தேன்.

கடைசியில் கால்காரன் ஒரு குண்டை நெஞ்சோடு கட்டிக்கொண்டு மிருகத்தின் வாய்க்குள் நடந்து போகிறான். விஞ்ஞானிப் பெண் அழுகிறாள். மிருகத்தின் பல்லுக்கு நடுவில் நின்று அவன் திரும்பி அவளைப் பார்த்து ஏதோ சொல்ல வாயைத் திறக்கிறான். வாய்க்காரப் பெடியன்கூட அப்போது பேசவில்லை.

திரை நெளிந்தது. கோடு கோடாக ஓடியது. பிறகு என் பிள்ளை வந்தாள்.

“சீ!” என்று முழு வீடும் சொன்னது. அந்த ஒரு சொல்லை, பதினைந்து இருபது ஆண்களின் வாயிலிருந்து ஒன்றாக. என் பிள்ளையின் முகத்தைப் பார்த்து. யாரையும் நான் குறை சொல்லவில்லை, படம் அறுந்ததற்குத்தான் சொன்னார்கள். ஆனால் அது காதுக்குத் தெரியாது.

அடுத்த நொடி வாய்க்காரன் சொன்னான், “ஹீரோ சாமத்தியப்பட்டிட்டாரடா.”

அதற்கு விழுந்த சிரிப்பில் கீழ்வீட்டுக்காரர் தடியால் முகட்டில் இடித்தார். இவரும் சிரித்தார். கண்ணால் தண்ணீர் வரச் சிரித்தார். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

அந்தச் சிரிப்புக்கு நடுவில் நான் பார்த்தேன். முதலில் அவள் என்று தெரியவில்லை. முகம் நிறையப் பவுடர், நெற்றிப்பட்டம், மச்சாளின் கூறைச்சேலை. சேலைக்குள் பிள்ளை எங்கே என்று தேட வேண்டியிருந்தது. கழுத்து மட்டும் அவளுடையது, மெலிந்த கழுத்து. கதிரையில் இருந்துகொண்டு நேரே பார்த்தபடி இருந்தாள். இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. யாரோ பொட்டலம் கொடுத்தார்கள், வாங்கினாள், கண் மட்டும் எங்களிடம். பிறகு கமெரா பந்திக்குப் போய்விட்டது. யாரோ ஒரு மாமா சோற்றைக் குழைக்கிறார், ஒரு குழந்தை பப்படத்துக்கு அழுகிறது, முடிந்தது. தண்ணீர் வார்ப்பு இல்லை. ஆலத்தி இல்லை. மகள் நடந்து வந்த ஒரு இடமும் இல்லை. எல்லாவற்றின் மேலும் ஜப்பான்காரர் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

இன்னொருக்கால் போடச் சொல்லிக் கேட்டேன். டெக்கண்ணை பின்னுக்கு ஓடவிட்டார். கூடுதலாகப் போய்விட்டது, சண்டை வந்தது. சரி, அந்தச் சண்டையையும் ஒருக்கால் பார்ப்போம் என்றார்கள். அதற்குள் கதவு மணி அடித்தது. கட்டிடத்தைப் பார்த்துக்கொள்கிற சுவிஸ்காரர் நின்றார். ஞாயிற்றுக்கிழமையில் இவ்வளவு சத்தமா என்று கேட்டார். எல்லோரும் சப்பாத்தைத் தேடிப் போட்டுக்கொண்டு போனார்கள். டெக்கும் போனது. போகிற போக்கில் இரண்டு பேர் பணியாரம் நல்லாயிருந்தது அக்கா என்றார்கள். பிள்ளை நல்லாயிருந்தா என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை.

பிறகு பல வாரங்களுக்கு ஷ்லீரனில் கதை அதுதான். கால்காரன் செத்தானா, தப்பினானா? திரும்பி நின்று என்ன சொல்லியிருப்பான்? ரயிலுக்குக் காத்து நிற்கும் இடத்திலும் அதைப் பற்றித்தான் வாக்குவாதம். எங்கள் வீட்டிலும் இவர், அவன் சாகத்தான் வேண்டும், இல்லாவிட்டால் மூன்று பாகத்துக்கும் அர்த்தமில்லை என்று சோற்றைப் பிசைந்துகொண்டு சொல்வார். நான் மச்சாளை மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். ஒருக்கால் போட்டுப் பார்த்து அனுப்பியிருக்கக் கூடாதா?

கடைசியில் மூன்றாம் பாகம் கசெற் கடைக்கு வந்தது. நான் வேலைக்குப் போயிருந்த நேரம் இவர் என் கசெற்றை எடுத்து டெக்கண்ணையிடம் கொடுத்துவிட்டார். எனக்குச் சொல்லவில்லை. அலுமாரியில் அது இல்லாததைக் கண்டு நான் வீடு முழுக்கத் தேடிக்கொண்டிருந்தபோது டெக்கண்ணையே வந்து கதவைத் தட்டினார். முகம் நிறையச் சிரிப்பு.

“அக்கா, உங்கடை பிள்ளையிலை நான் கை வைக்கேல்லை. அவவுக்குப் பிறகு வெறும் இடம் கிடந்தது. அதுக்குள்ளைதான் முடிவை ஏத்தினனான். இப்ப படம் முழுசு.”

நன்மை செய்ததாகத்தான் அந்த மனிசன் நினைத்தார். நானும் ஓம் அண்ணை என்றேன். முடிவு கடைக் கசெற்றிலிருந்து எடுத்தது, அது ஜெர்மன் மொழி. அதனால் அதுவரை ஜப்பானில் கத்திக்கொண்டிருந்த கால்காரன் மிருகத்தின் வாய்க்குள் ஜெர்மனில் செத்தான். இரண்டுக்கும் நடுவில் என் மகள் இருந்தாள்.

அதன் பிறகு கசெற் எங்கள் வீட்டில் நிற்கவில்லை. வின்டர்தூரில் ஒருவர் கேட்டார், கொடுத்தார் இவர். அங்கிருந்து ரெனானுக்குப் போனது, திரும்பி வந்தது, வேறெங்கோ போனது. கடையில் எடுத்தால் காசு, இது சும்மா. ஒருநாள் வின்டர்தூரில் தெரிந்த வீடொன்றுக்குப் போயிருந்தோம். வீட்டுக்காரப் பெண்ணோடு நான் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருக்க, உள்ளே அந்தப் படத்தின் சத்தம் கேட்டது. தேத்தண்ணித் தட்டோடு வாசலில் வந்து நின்றேன். மிருகத்தின் வாய்க்குள் அவன் திரும்புகிறான்.

“பிள்ளை வந்திட்டுது, ஓடவிடு” என்றது ஒரு குரல்.

பட்டனை அழுத்தினார்கள். என் மகள் ஓடினாள். கதிரையில் இருந்தபடியே ஓடினாள். இமை படபடவென்று அடித்தது, கை கோழி கொத்துவதுபோலப் பொட்டலம் பொட்டலமாக வாங்கியது, பெண்கள் விறுக் விறுக்கென்று வந்து போனார்கள். சோறு குழைத்த மாமா வாயை மென்றபடி மறைந்தார். அந்த அறையில் இருந்தவர்களுக்கு அது அந்தப் படத்தில் ஒரு துண்டு. எல்லாப் படத்திலும் பாட்டு வந்தால் ஓடவிடுவதில்லையா, அதைப் போல. நான் தட்டை இறக்கி வைத்தேன். இது என் பிள்ளை என்று சொல்ல வேண்டும் போல இருந்தது. இவர் அந்த அறைக்குள்தான் இருந்தார், அவரும் சொல்லவில்லை.

அடுத்த வருடம் எப்படியோ மகளை எடுப்பித்தோம். வழியில் அவள் பட்டதை அவளாகவே ஒருநாள் எழுதட்டும். விமான நிலையத்தில் அவள் இவரைத்தான் முதலில் கட்டிப்பிடித்தாள். என்னிடம் வந்து, “சுகமா இருக்கிறீங்களோ அம்மா?” என்று கேட்டாள், விருந்தாளியிடம் கேட்பதுபோல.

அவள் வந்து கொஞ்ச நாளில் வின்டர்தூரில் ஒரு மண்டபத்தில் தீபாவளி வைத்தார்கள். சாப்பாட்டு மேசையில் எங்களுக்கு எதிரே இருந்த பெடியன் ஒருவன் அவளையே பார்த்துவிட்டு இவரிடம் கேட்டான்.

“அண்ணை, இது அந்த ஜப்பான் படத்திலை வாற பிள்ளையெல்லோ?”

மேசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஓமடா, அவதான், மூண்டாம் பாகத்துப் பிள்ளை என்று ஆளுக்கு ஆள் சொன்னார்கள். முன்பின் தெரியாத சனமெல்லாம் என் மகளைத் தெரிந்து வைத்திருந்தது. அவள் ஒன்றும் விளங்காமல் என் முகத்தைப் பார்த்தாள். நான் அப்பளத்தைப் பார்த்தேன்.

திரும்பி வரும் ரயிலில் இவர் சிரித்துச் சிரித்து முழுக் கதையையும் சொன்னார். அவள் ஜன்னலோடு இருந்து கேட்டாள். முடிவில் ஒன்றுதான் சொன்னாள்.

“எல்லாரும் பாத்திட்டினம். நான்தான் இன்னும் பாக்கேல்லை.”

உண்மைதான். ஊரில் கரண்ட் ஏது? சடங்கன்று ஸ்டூடியோக்காரர் ஜெனரேற்றரோடு வந்து எடுத்தாராம். அடுத்த நாள் படம் ஏத்தும்போது ஹெலிகொப்டர் வந்து சுற்றியதாம். மனிசன் மெஷினை நிப்பாட்டாமல் பங்கருக்குள் ஓடிவிட்டார். ஜெனரேற்றரில் எண்ணெய் முடியும் மட்டும் அது தன்பாட்டில் ஏத்திக்கொண்டு இருந்திருக்கிறது. மச்சாளும் பங்கருக்குள்தான் இருந்தா. இதையும் அவள்தான் அந்த ரயிலில் சொன்னாள். ஒரு வருடமாக நான் மச்சாளைத் திட்டியது எனக்கு மட்டும்தான் தெரியும்.

கசெற் அப்போது ரெனானில் யாரிடமோ இருந்தது. இவர் பார்ப்போம் பார்ப்போம் என்றார். நானே மேல் மாடி ஏறி டெக்கண்ணையின் கதவைத் தட்டினேன். அந்த வீட்டில் ஏழு வருடம் இருந்தேன், ஒரு ஆணின் கதவை நான் தட்டியது அந்த ஒரு முறைதான். அவர் ரெனானுக்கு ரெலிபோன் எடுத்து, அடுத்த கிழமையே வருவித்து, டெக்கையும் கொண்டுவந்து பூட்டிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை பின்னேரம். இவருக்கு வேலை. நானும் அவளும் மட்டும். நான் முன்னுக்கு ஓடவிடப் பட்டனைத் தேடினேன். வேண்டாம், தொடக்கத்திலிருந்து பார்ப்போம் என்றாள். அவ்வளவு படத்தையும் கால் மடித்து இருந்து பார்த்தாள். ஓட்டைச் சட்டிக்குச் சிரித்தாள்.

அவள் இடம் வந்தது. படமெல்லாம் பளிச்சென்று இருக்க, அந்த இடம் மட்டும் தேய்ந்து போயிருந்தது. ஓடவிட்டு ஓடவிட்டே தேய்ந்தது. வெள்ளைக் கோடுகள் மேலிருந்து கீழே ஓடிக்கொண்டே இருந்தன; கோடுகளுக்குப் பின்னால் ஒரு சேலை, ஒரு பட்டம், நேரே பார்க்கிற இரண்டு கண்.

“கமெராவைப் பார், அதுக்குள்ளாலை அம்மா பாக்கிறா எண்டு மாமி சொன்னவ” என்றாள். “நான் உங்களைத்தான் பாத்துக்கொண்டிருந்தனான்.”

நான் கோடுகளுக்குப் பின்னால் அந்தக் கண்ணைத் தேடினேன்.

“நீங்கள் முதல் பாக்கேக்கை என்ன செய்தனீங்கள்?”

“கனபேர் இருந்தவை பிள்ளை” என்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஜெர்மன் முடிவு தொடங்கிவிட்டது. அதையும் பார்த்து முடித்து, முதல் இரண்டு பாகமும் எங்கே எடுக்கலாம் என்று கேட்டாள். அப்பாவைக் கேள் என்றேன்.

கேட்டாள். அடுத்த ஞாயிறு அப்பாவும் மகளும் கடையில் இரண்டு பாகத்தையும் எடுத்து வந்து, மூன்றையும் ஒழுங்காகப் போட்டுப் பார்த்தார்கள். கதையில் எனக்கு விளங்காதவற்றையெல்லாம் இவர் அவளுக்கு விளங்கப்படுத்தினார். இரண்டு பேரும் தோளோடு தோள் இருந்தார்கள். வந்த நாளிலிருந்து அவள் இந்த வீட்டில் அப்படிச் சிரித்ததில்லை. நான் குசினியில் நின்று பருப்புக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். மிருகம் வாயைத் திறக்கும் சத்தம் கேட்டதும் அடுப்பைக் குறைத்துவிட்டு வாசலுக்கு வந்தேன்.

கால்காரன் திரும்பினான். திரை நெளிந்தது. இவர் கை பழக்கத்தில் டெக்கை நோக்கி நீண்டது. நான் பார்த்ததைக் கண்டாரோ என்னவோ, பாதியில் நின்றுவிட்டது.

“பரவாயில்லையப்பா” என்றாள் மகள். எழும்பிப் போய் ஓடவிடுகிற அந்தப் பட்டனைத் தானே அழுத்தினாள்.